குளவி குடியிருந்த குண்டு

கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் இன்ஸ்பெக்டர். என் வீட்டில், என் கூடத்தில், நானே எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கும் சாமான்களின் மேல் நான் கை வைக்கக் கூடாது. நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எதிரே நானே வெல்டிங் வைத்துச் செய்த இரும்புத் தாங்கி. அதில் அவை மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நிற்கின்றன. டாங்கிப் பயிற்சிக் குண்டுகள். டாங்கியின் வயிற்றுக்குள் உட்கார்ந்து குண்டைத் தூக்கிப் பீரங்கிக்குள் தள்ளப் பழகும் சிப்பாய்களுக்காகச் செய்தவை. வெடிமருந்து கிடையாது, ஒருநாளும் இருந்ததும் கிடையாது. உள்ளே ஒன்றுமில்லை என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்பதற்காகப் பித்தளைக் கூட்டில் ஓட்டை போட்டிருப்பார்கள், சுண்டுவிரல் நுழைகிற அளவு, மூன்று பக்கமும். ஓட்டைதான் அதன் பெயர், ஊர், சாதிச் சான்றிதழ் எல்லாம். இங்கே இருக்கும் பித்தளைக் கூடுகள் எல்லாவற்றிலும் ஓட்டை இருக்கிறது, ஒன்றைத் தவிர. கடைசியில் நிற்கிறதே, சில்வர் பெயிண்ட் அடித்தது, ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற அதே பெயிண்ட், அதில் ஓட்டை தெரியாது. சாயங்காலம் வெடிகுண்டு நிபுணர்கள் வருவார்கள். அந்த ஒன்றைப் பார்ப்பார்கள். அந்த ஒன்றுக்காக எல்லாவற்றையும் தூக்குவார்கள். அதை மட்டும் ஏரிப் பக்கம் கொண்டுபோய்ப் பள்ளம் தோண்டி வைத்துத் தகர்ப்பார்கள். ஓட்டை இல்லாததைச் சுரண்டிப் பார்த்து நேரத்தை வீணாக்க மாட்டார்கள், அதுதான் முறை, முறை சரிதான், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். முறை சரியாக இருப்பதுதான் எரிச்சல்.

வாசலில் காவலுக்கு ஒரு பெண் போலீஸை உட்கார்த்திவிட்டுப் போயிருக்கிறார்கள். செல்வமேரி என்று சட்டையில் எழுதியிருக்கிறது. கேட்டுக்கு வெளியே, பிளாஸ்டிக் நாற்காலியில், அதையும் இன்னும் கொஞ்சம் தள்ளி, இன்னும் கொஞ்சம் தள்ளி என்று எதிர்வீட்டுச் சுவர் வரைக்கும் கொண்டுபோய்விட்டாள். வெயில் அவள் முழங்கால் மேல் ஏறிக்கொண்டிருக்கிறது. உள்ளே வந்து நிழலில் உட்காரும்மா என்றேன். "எனக்கு வெயிலே போதும் தாத்தா" என்றாள். தூத்துக்குடிப் பக்கம் போலிருக்கிறது. மோர் தரட்டுமா என்றேன். "அந்த ரூமுக்குள்ளேருந்துதான் எடுத்துட்டு வருவியளா?" அந்த ரூமைத் தாண்டித்தான் அடுப்படி என்றேன். "அப்ப வேண்டாம்." கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள்: "ஏன் தாத்தா, மத்தவுக ஸ்டாம்பு சேப்பாவ, காசு சேப்பாவ. உங்களுக்கு இதுதான் கெடச்சுதா?" எனக்குச் சிரிப்பு வந்தது. பூங்காவனம் கல்யாணமான புதிதில் கேட்டதும் இதேதான், வேறு மாதிரி. "இன்னாத்துக்குயா இந்தச் சனியன், குத்துவிளக்கா செஞ்சாலாச்சும் ஏத்தி வெப்பேன்." பூங்காவனம் என் மனைவி. இப்போது இல்லை. செல்வமேரிக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை, ஏதோ சொன்னேன், அவள் கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். பட்டாபிராமுக்குப் போகிற மின்சார ரயில் கூவிக்கொண்டு போகிறது. தாங்கியில் இருப்பவை லேசாக அதிர்கின்றன, பித்தளையும் இரும்பும் தொடுகிற இடத்தில் ஒரு சின்ன ரீங்காரம். அவளுக்கு அது கேட்டிருக்காது. கேட்டிருந்தால் தெருமுனைக்கே ஓடியிருப்பாள்.

காலையில் வந்தது இன்ஸ்பெக்டரும், பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் வித்யாசாகரும். வித்யாசாகரைக் குற்றம் சொல்ல முடியவில்லை, அதுவும் ஒரு எரிச்சல். நல்ல பையன். அவன் மகள் எங்கள் இரண்டு சுவருக்கும் நடுவே உள்ள சந்தில்தான் சைக்கிள் பழகுகிறாள். பந்து எடுக்க வந்த யாரோ ஜன்னல் வழியாகப் படம் பிடித்துக் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார்களாம், பக்கத்து வீட்டில் குண்டு என்று. போட்டால் யாருக்குத்தான் தூக்கம் வரும். "அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்களாவே எல்லாத்தையும் பழைய இரும்புக்குப் போட்டுட்டா கம்ப்ளெய்ன்ட வாபஸ் வாங்கிடறோம். முடிஞ்சுது." முடிஞ்சுது என்று இரண்டு கையையும் தட்டித் தூசி உதறுவதுபோல் காட்டினான். இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். ஓட்டைகளைக் காட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். எனக்கு நெஞ்சு விரிந்துகொண்டே வந்தது, சொன்னேனே, சொன்னேனே என்று. கடைசியில் நின்றார். "இதுல ஓட்டையக் காணோமே." அடைத்திருக்கிறது சார் என்றேன். "யாரு அடைச்சது?" என் மனைவி. "எதுக்கு?" குளவி கூடு கட்டியிருந்தது சார். அவர் என்னைப் பார்த்த பார்வை. "குண்டுக்குள்ள குளவி." ஆமாம் சார். "கூட்ட எடுத்துட்டு அடைச்சாங்களா?" இல்லை சார், கூட்டோடு சேர்த்து. பின்னால் நின்ற ஏட்டு வாயைக் கையால் பொத்திக்கொண்டார். வித்யாசாகர்தான் உதவி செய்வதாக நினைத்துச் சொன்னான்: "அப்ப அந்த அடைப்ப நோண்டிக் காட்டச் சொல்லுங்க சார், அஞ்சு நிமிஷ வேலை." நான் முடியாது என்றேன். எனக்கே அந்தச் சத்தம் கொஞ்சம் அதிகமாகக் கேட்டது. இன்ஸ்பெக்டரின் முகம் அப்போதுதான் மாறியது. அதுவரை ஏதோ கிறுக்குக் கிழவன் என்று நினைத்திருப்பார். நோண்ட மாட்டேன் என்றதும், நோண்ட முடியாத காரணம் ஒன்று இருக்கிறது என்று தோன்றிவிட்டது. "சரி. யாரும் கை வைக்கக் கூடாது. ஸ்குவாடு பாத்துக்கும்."

குளவியைப் பற்றி நான் சொல்லியிருக்கவே கூடாது. வேறு என்ன சொல்லியிருக்க முடியும். பொய் சொல்ல வராது என்பதில்லை, வரும், லேத்தில் நின்று கடைசல் வேலை செய்தவனுக்கு முதலாளியிடம் சொல்ல ஆயிரம் பொய் வரும். ஆனால் இவற்றைப் பற்றி நான் பொய் சொன்னதில்லை. எனக்கு இவற்றிடமிருந்து ஒன்றும் ஆக வேண்டியதில்லை, அதனால் இருக்கலாம். அம்பத்தூரில் வேலை செய்தபோது, பூந்தமல்லிச் சாலையில் இருந்த பாய் கடைக்கு இரும்புத் துண்டு பொறுக்கப் போன இடத்தில்தான் முதலில் பார்த்தேன். ஏலத்தில் எடுத்த குவியல். குக்கர் மூடி, ஃபேன் இறக்கை, நடுவே இது. பித்தளைக் கழுத்தைத் தொட்டுப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, நல்ல கை கடைந்தது. ஆனால் உடம்பெல்லாம் அடி. விளிம்பு தேய்ந்து பிளேடு மாதிரி. கடைந்தவன் இவ்வளவு சுத்தமாகக் கடைந்திருக்கிறான், பிறகு யார் இதை இப்படிப் போட்டு அடித்தது? இந்தக் கேள்விதான். வேறொன்றுமில்லை. மற்றவர்கள் எதற்காக என்னவோ செய்கிறார்கள், நான் இந்தக் கேள்விக்காக. போகப் போகப் புரிந்தது. விளிம்பு தேய்வது, பீரங்கி ஒவ்வொரு முறையும் அதைக் கவ்விப் பின்னால் இழுத்துத் துப்புவதால். அடிப்பக்கத்தில் வழவழப்பாக ஒரு குழி இருக்கிறதே, அது கைமுட்டி. விரலை மடக்கிக் கைமுட்டியால்தான் தள்ள வேண்டும், விரலை நீட்டினால் பீரங்கியின் பின்கதவு மூடும்போது விரல் போய்விடும். எத்தனை பேர் முட்டியால் தள்ளியிருந்தால் பித்தளை குழியும். ஒன்றில் குழி நடுவில் இல்லை, இடப்பக்கம் ஒதுங்கி இருக்கிறது. யாரோ இடக்கைக்காரன் இருந்த ரெஜிமென்ட் அது, அல்லது இடக்கையால் தள்ளச் சொல்கிற டாங்கி. பல வருடம் யோசித்து இரண்டாவதுதான் சரி என்று முடிவு செய்தேன், பிறகு அதுவும் சந்தேகமாகிவிட்டது. முழுக்க மரத்தில் செய்தது ஒன்று இருக்கிறது, மூக்குக்கு மட்டும் பித்தளைத் தொப்பி. அது மிகப் பழையது. அதில் பேனாக்கத்தியால் ஒருவன் தன் பெயரின் முதல் எழுத்தைக் கீறியிருக்கிறான், தமிழில், 'மு'. முருகேசனா, முனுசாமியா, முத்துவா. எந்தச் சண்டைக்குப் போனான், திரும்பினானா. உள்ளே தள்ளு, வெளியே எடு. உள்ளே தள்ளு, வெளியே எடு. சுடுவது இல்லை. இதற்குள் இருப்பது சத்தம் இல்லை, பையன்களின் வேர்வை. ஆபத்து என்கிறார்கள். ஆபத்தானதைத் தொடுவதற்கு முன்னால் பழகிக்கொள்ளட்டும் என்று செய்தது இது, இதைப் போய்.

தெரியாததை நான் தொட்டதே இல்லை. அதையும் இன்ஸ்பெக்டரிடம் சொல்லியிருக்கலாம். ஒரு தடவை பாய் கடையில் ஆள் ஒருவன் துணியில் சுற்றி ஒன்று கொண்டுவந்தான், மேய்ச்சல் நிலத்தில் மாடு முட்டித் தள்ளியது என்று. ஓட்டை இல்லை. துரு. பார்த்த மாத்திரத்தில் பாயின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு ஓடியவன் நான். ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னவனும் நான். அன்றைக்கு எனக்கு வேட்டி அவிழ்ந்துவிட்டது, சாலையில் அரை டவுசரோடு நின்றேன். பாய் அதைச் சொல்லிச் சொல்லி மரணப்படுக்கை வரைக்கும் சிரித்தார். "தணிகாசலம், உசுருக்குப் பயந்து மானத்த விட்டியே." பயம் இல்லாதவன் இல்லை நான். பயப்பட வேண்டியது எது என்று தெரிந்தவன், அவ்வளவுதான். தெரியும் என்கிறேன். தெரியுமா. வெயில் இப்போது தாங்கியின் கடைசிக் கால் வரை வந்துவிட்டது. சில்வர் பெயிண்டில் பட்டுக் கண்ணைக் குத்துகிறது. பூங்காவனம் அடித்த பெயிண்ட். தூரிகை மயிர் ஒன்று அதில் ஒட்டிக்கொண்டிருக்கும், மூக்குக்குக் கொஞ்சம் கீழே. இங்கிருந்து தெரியாது. தெரிகிற மாதிரி இருக்கிறது.

குளவி வந்த வருடம் ஹேமலதா இங்கே வந்து இருந்தாள், எங்கள் மகள். கல்யாணமாகி வெகுநாள் குழந்தை இல்லை. மாமியார் வீட்டில் ஒரு விசேஷத்துக்குக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்காராதே என்று சொல்லிவிட்டார்கள், கோபித்துக்கொண்டு பெட்டியோடு வந்துவிட்டாள். இந்தக் கூடத்தில்தான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடப்பாள். ஒருநாள் குண்டைத் துடைக்கலாம் என்று எடுத்தேன், முகத்துக்கு நேரே விர்ரென்று ஒன்று பறந்தது. ஓட்டைக்குள் செம்மண் அப்பியிருந்தது. அடுத்த ஓட்டையிலும். குச்சியை எடுத்துத் தட்டப் போனவனின் கையை வந்து பிடித்தாள் பூங்காவனம். என்ன பிடி அது. "எடுத்தீன்னா பாத்துக்க. குளவி வூடு கட்டினா வூட்ல புள்ள தங்கும். தெரியாதா ஒனக்கு?" நம்பிக்கை அது, எல்லார் வீட்டிலும் சொல்வதுதான், குளவிக் கூட்டைக் கலைக்க மாட்டார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. மண் ஈரமாக இருந்தால் பித்தளை பச்சை பூத்துவிடும், அதுதான் எனக்கு. அதைச் சொன்னேன். "பூக்கட்டும். ஒம் பித்தள பூக்கட்டும், எம் பொண்ணு பூக்கட்டும்." படுத்துக்கிடந்த ஹேமலதா சிரித்துவிட்டாள். வந்ததிலிருந்து முதல் சிரிப்பு. பிறகு யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. குளவி வரும், வாயில் மண்ணுருண்டையோடு ஜன்னல் கம்பியில் உட்காரும், உள்ளே போகும், ங்ங்ங் என்று ஒரு சத்தம், மண்ணை அழுத்தும்போது, குண்டே முனகுவதுபோல. மூன்று ஓட்டையிலும் கட்டி முடித்தது. மாப்பிள்ளை வந்து மன்னிப்புக் கேட்டு அழைத்துக்கொண்டு போனார். சம்யுக்தா பிறந்தாள். அவள் வயிற்றில் தங்கிய செய்தி வந்த அன்று பூங்காவனம் கடைக்குப் போய், குழாய் ஓட்டை அடைக்கிற எம்-சீல் பசை வாங்கிவந்தாள். குளவிக் குஞ்சுகள் எல்லாம் துளைத்துக்கொண்டு போய்விட்டன, காலிக் கூடு, உதிர்ந்துவிடும், உதிரக் கூடாது. சப்பாத்தி மாவு பிசைவதுபோல் பிசைந்து மூன்று ஓட்டையையும் கட்டைவிரலால் அழுத்தி அடைத்தாள். நான் வேலை முடிந்து வந்தபோது வேலை முடிந்திருந்தது. பெயிண்டும் அடித்து, ஈரம் காய ஜன்னலோரம் நிறுத்தி, பொட்டும் வைத்திருந்தாள். ஒரு பயிற்சிக் குண்டில் அடைக்கக் கூடாத ஒரே இடம் அது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் என்ன தப்பு வேண்டுமானாலும் செய்யலாம், இந்தத் தப்பை இந்த வீட்டில்தான் செய்ய முடியும். கத்தினேன். "கத்து" என்றாள். "எம் பேரப்புள்ள வந்து பாத்துக்கும், எது ஓட்ட எது ஓட்ட இல்லன்னு."

மதியம் ஹேமலதாவே போன் செய்தாள், ஓசூரிலிருந்து. வித்யாசாகர் அவள் எண்ணை எங்கிருந்தோ பிடித்திருக்கிறான். "அப்பா, அம்மா போட்ட அந்த அடைப்ப ஒரு ஸ்க்ரூ டிரைவரால தட்டி எடுத்துட்டா வேலை முடிஞ்சுதுங்கறாங்க. ஏன்ப்பா அடம் பிடிக்கறீங்க?" கூடு உடைஞ்சிடும்மா என்றேன். அவள் மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, நான் ஊசி போட்டுக்கிட்டேன், மாத்திரை சாப்பிட்டேன், வேலூர் ஆஸ்பத்திரி வரைக்கும் போய்ட்டு வந்தேன். குளவி ஒண்ணும் பண்ணல." தெரியும்மா. "தெரியும்னா எடுத்துடுங்க." அதுதான் இல்லை. எப்படிச் சொல்வது. குளவியால் பிள்ளை வந்தது என்று எனக்கும் நம்பிக்கையில்லை. ஆனால் பூங்காவனத்துக்குக் கும்பிட ஒரு இடம் வேண்டியிருந்தது அந்த வருடம். கோயில் கோயிலாகப் போனவள், கடைசியில் நான் சேர்த்து வைத்த, அவள் சனியன் என்று சொன்ன, இந்தப் பித்தளைக்கு முன்னால் வந்து நின்றாள். இருபது வருடத்துக்கு மேல் என் சாமான்கள் அவளுக்கு வேண்டாதவை. அந்த ஒரு மழைக்காலம் மட்டும் அதில் ஒன்று அவளுடையதாகிவிட்டது. அதை நான் ஸ்க்ரூ டிரைவரால் தட்டி எடுக்க வேண்டும், அஞ்சு நிமிஷ வேலை. "சம்யுக்தா கேக்கறா, தாத்தாவ போலீஸ் பிடிச்சுட்டுப் போயிடுமான்னு. என்னப்பா சொல்லட்டும்?" பிடிக்கட்டும் என்று சொல்லு என்றேன். "பேச்சப் பாரு. அம்மா போனதுலேர்ந்து அம்மா மாதிரியே ஆயிட்டீங்க." வைத்துவிட்டாள். கோபத்தில்தான் சொன்னாள். எனக்கு அது கோபமாகப் படவில்லை.

ஆனால் அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. உட்கார்ந்த இடத்திலேயே, காலில் ஏறுகிற மரமரப்பு மாதிரி. எனக்குத் தெரியும் என்று இவ்வளவு நேரம் சொல்கிறேனே, எப்படித் தெரியும். ஓட்டையைப் பார்த்தேன். எந்தக் குண்டில் பார்த்தேன். இதே அளவில் இன்னொன்று இருந்ததே, பாய் கடையிலிருந்து ஒன்றாக வாங்கியது. அதை நான் கொடுத்துவிட்டேன், காலேஜ் பேராசிரியர் ஒருவர் ஆசைப்பட்டுக் கேட்டார், கொடுத்தேன். எதைக் கொடுத்தேன். ஓட்டை உள்ளதைக் கொடுத்துவிட்டு. இல்லை, இரண்டிலும் ஓட்டை இருந்தது. இருந்ததா. அவள் பெயிண்ட் அடித்தது எதில். நான் வேலைக்குப் போயிருந்தேன். குளவி கட்டியதைத்தான் அடைத்தாளா என்று அவளுக்குத்தானே தெரியும். மேய்ச்சல் நிலத்துக் குண்டின் துரு ஞாபகத்துக்கு வருகிறது, அது இதைவிடச் சின்னது, ஸ்டேஷனில் கொடுத்தாயிற்று, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, ஆனாலும் அந்தத் துரு இந்த சில்வர் பெயிண்டுக்கு அடியில் ஊர்கிற மாதிரி. சந்தில் சைக்கிள் மணி அடிக்கிறது. வித்யாசாகரின் மகள். அவளை இன்றைக்குமா வெளியே விட்டிருக்கிறார்கள்? இரு. அவசரப்படாதே. கடைசல் வேலையில் பிசகிவிட்டால் லேத்தை நிறுத்திவிட்டு முதலிலிருந்து அளக்க வேண்டும், பதற்றத்தில் அளந்தால் அளவே மாறும். முதலிலிருந்து. குளவி வருவதற்கு முன்னால், இதே இடத்தில், சைக்கிள் கம்பி ஒன்றை ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தேன். ஒரு விரற்கடை போனதும் மரத்தில் முட்டியது. உள்ளே மரக்கட்டை அடைத்த ரகம். அப்படிக் குத்திப் பார்க்கும்போது கைநழுவி விழுந்தது, ஆட்டுக்கல் மேல். கழுத்தில் நசுங்கல், பிறை மாதிரி. பூங்காவனம் "ஆட்டுக்கல்லு ஒடஞ்சா வேற யாரு வாங்கித் தருவா" என்று ஆட்டுக்கல்லைத்தான் தடவிப் பார்த்தாள். நசுங்கல். நசுங்கல் இருக்கிறதா. எழுந்து போனேன். முட்டி வலித்தது. குனிந்தேன். பெயிண்டுக்கு அடியில், கழுத்தில், பிறை. அதற்குக் கீழே மூன்று அடைப்புகளில் ஒன்று, அதில் அவள் கட்டைவிரல் ரேகை, பெயிண்ட் ஊறி இன்னும் ஆழமாக. இதேதான். கம்பி போய் மரத்தில் முட்டியது இதேதான். பயம் எப்படி வந்ததோ அப்படியே இறங்கியது, காலில் மட்டும் கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டு.

எனக்குத் தெரிந்துவிட்டது. அவர்களுக்கு எப்படித் தெரியும்? என் பிறையும் என் சைக்கிள் கம்பியும் ஸ்குவாடுக்கு என்ன. அவர்களுக்கு ஓட்டை வேண்டும். நியாயம்தான். கண்ணால் பார்க்கிற ஓட்டை ஒன்று. ஒன்று. இவ்வளவு நேரம் அந்த மூன்றையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன், எதைத் திறப்பது, எதைத் திறக்காமல் விடுவது, ஈரத்துணி வைத்து மெதுவாக எடுத்தால் கூடு தப்புமா என்று. ஓட்டை என்றால் அந்த மூன்றுதான் என்று யார் சொன்னது. இருந்ததை மாற்றக் கூடாது, அது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம், ஒரு கீறல் கூடச் சேர்க்கக் கூடாது, துருவைக்கூடத் தேய்க்க மாட்டேன், எண்ணெய் மட்டும்தான். சேர்த்து வைப்பவன் கை அதில் தெரியக் கூடாது. பேராசிரியருக்கு அதைத்தான் மணிக்கணக்கில் சொன்னேன். பூங்காவனம் கை தெரிகிறது. தெரியட்டும். என் கையும் தெரியட்டும். அடுப்படிப் பரணிலிருந்து கை டிரில்லை இறக்கினேன். சக்கரத்தைச் சுற்றினால் பல்லில் பல் விழுந்து ஓடுகிறது, கறகறவென்று. பிட்டை மாட்டி இறுக்கினேன். குண்டைத் தாங்கியிலிருந்து தூக்கி மடியில் போட்டுக்கொண்டேன், குளிர்ந்து கனத்தது. குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவது மாதிரி உட்கார்ந்திருக்கிறேன் என்று பட்டது, சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை.

சக்கரத்தின் சத்தம் வெளியே கேட்டிருக்கிறது. "தாத்தா, என்னத்த உருட்டுதிய?" ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவள் பின்னால் ஒரு அடி துள்ளினாள். "யம்மா! வைங்க தாத்தா! மொதல்ல அத வைங்க! கை வைக்கக் கூடாதுன்னு சொன்னாவல்லா?" சொன்னார்கள் என்றேன். சந்தில் ஒரு பிள்ளை சைக்கிள் விடுகிறது, அதை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நீயும் தெருமுனைக்குப் போய் நில்லு. "எனக்கு ரெண்டு பிள்ளையளு இருக்கு தாத்தா!" அதனால்தான் போகச் சொல்கிறேன். "வெடிச்சா?" வெடிக்காது. "அப்பறம் என்னத்துக்குப் போகச் சொல்லுதிய?" நல்ல கேள்வி. நீ என்னை நம்ப வேண்டிய அவசியமில்லை, அதற்காக என்றேன். அவள் ஓடினாள். சைக்கிள் மணி பாதியில் நின்றது. தெருமுனையிலிருந்து போனில் கத்துவது இங்கே வரைக்கும் கேட்டது. "சார், பெருசு துள போடுதாரு சார்! ஆமா சார், அதுலதான் சார்! இல்ல சார், நான் வெளிய நிக்கேன் சார்!" கேஸ் போடுவார்கள். போடட்டும். பேசி முடிப்பதற்குள் முடித்துவிட வேண்டும். ஓர் அடைப்புக்கும் அடுத்த அடைப்புக்கும் நடுவே, பூங்காவனத்தின் விரல் படாத இடம் பார்த்து முனையை வைத்தேன். நெஞ்சால் டிரில்லின் தலையை அழுத்திக்கொண்டு சுற்றினேன். முதலில் சில்வர் பெயிண்ட் பொருக்காக எழும்பியது, பிறகு பித்தளை, மஞ்சள் மஞ்சளாகச் சுருண்டு சுருண்டு மடியில் விழுந்தது. எத்தனை வருடமாகிவிட்டது பித்தளை சுருள்வதைப் பார்த்து. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. பிட் சட்டென்று இளகி உள்ளே போன அந்த நொடியில் கண்ணை மூடிவிட்டேன். மூடினேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். திறந்தபோது ஓட்டையிலிருந்து தூள் வந்துகொண்டிருந்தது, தவிட்டு நிறத்தில், மாவு சலிப்பதுபோல் மெல்ல. மரத்தூள். இன்னும் சுற்றினேன், தேவையில்லாமல், வேண்டுமென்றே. விரல் நுழைகிற அளவு வர வேண்டாமா.

வெகுநேரம் கழித்து ஜன்னலில் செல்வமேரியின் தொப்பி தெரிந்தது. பிறகு முகம். பிறகு, ஒரு காலை வாசற்படிக்கு உள்ளே வைத்தாள், ஒரு காலை வெளியே. உள்ளங்கையில் கொஞ்சம் தூளை எடுத்து நீட்டினேன். எட்டி வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள். "கட்டில் வாசம்லா அடிக்கி" என்றாள். தேக்கு என்றேன். "எத்தன வருசம் இருக்கும்?" உன் அப்பா பிறப்பதற்கு முன்னால். அவள் இன்னொரு முறை முகர்ந்தாள். தெருவில் கனமான வண்டி ஒன்று திரும்பி நிற்கும் சத்தம், கதவுகள் திறக்கும் சத்தம், பூட்ஸ் கால்கள். "வந்துட்டாவ தாத்தா. என்னயத்தான் வையப் போறாவ." நீ தடுத்ததாகச் சொல், கிழவன் கேட்காமல் செய்தான் என்று சொல், அதுதானே நடந்தது. மடியிலிருந்த பித்தளைச் சுருள்களை உதறிவிட்டு எழுந்தேன். குண்டைத் தூக்கித் தாங்கியில் வைத்தேன், கடைசியில் இல்லை, நடுவில். பூங்காவனத்தின் மூன்று அடைப்பும் சுவர்ப் பக்கமும் ஜன்னல் பக்கமுமாகப் போகட்டும் என்று விட்டுவிட்டு, நான் போட்ட ஓட்டை நேராக வாசலைப் பார்க்கும்படி திருப்பி நிறுத்தினேன். இன்னும் அதிலிருந்து தூள் உதிர்ந்துகொண்டிருந்தது. துடைக்கவில்லை.